ரோஸ்வித்தா இருக்கும்போது ஜெர்மன்

மாரெட் ரோர்டனுக்கு அருவருப்பானவற்றைச் சொல்லத் தொடங்கினால் பொழுது போதாது. விடுமுறைக்கு வந்தவர்கள் குளியலறை வடிகாலில் விட்டுப்போகும் முடிக்கொத்து, சோபா இடுக்கில் காய்ந்து கிடக்கும் மீன் ரொட்டி, தலையணை உறையில் ஒட்டிய உதட்டுச் சாயம். ஜெர்மனியின் வடகடலில் இருக்கும் ஃபோர் தீவில் வாடகை வீடுகளைக் கழுவித் துடைப்பதுதான் அவள் பிழைப்பு. சனிக்கிழமை காலைக் கப்பலில் ஒரு கூட்டம் போகும், மதியக் கப்பலில் அடுத்த கூட்டம் இறங்கும். நடுவில் கிடைக்கும் நேரம் முழுக்க மூக்கைச் சுளித்தபடி வேலை செய்வாள். இத்தனை அருவருப்புப் படுகிறவளுக்கு இந்த வேலை எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, "அருவருப்பே இல்லாதவ எப்படிச் சுத்தமா கழுவுவா?" என்று திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஆனால் முடியையும் மீனையும் எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலிடத்தில் உட்கார்ந்திருந்தவள் தம்பி பெண்டாட்டி ரோஸ்வித்தா.

அவள் உள்நாட்டு மலைப்பக்கத்துக்காரி. தீவிலிருந்த குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குச் செவிலியாக வந்தவள், மாரெட்டின் தம்பி பிராரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. தொல்லையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் வந்தது.

தீவின் வீடுகளில் பேசுவது ஃபெரிங், தீவுக்காரர்களின் சொந்த மொழி. ஆனால் அது தெரியாத ஒரே ஓர் ஆள் மேஜையில் உட்கார்ந்தாலும் எல்லோரும் ஜெர்மனுக்கு மாறிவிட வேண்டும். வந்தவரை ஊமையாக உட்காரவைத்துவிட்டு நாம் மட்டும் பேசிச் சிரிப்பது மரியாதை இல்லை. மாரெட்டின் அம்மா இதில் கறார். விருந்தாளி என்றால் காப்பி குடித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். மருமகள் எங்கே போவாள்? கல்யாணத்தன்று ஜெர்மனுக்கு மாறிய மேஜை அப்படியே நின்றுவிட்டது. ஃபெரிங்கில் ஊரையே சிரிக்கவைக்கிற அப்பா, ஜெர்மனில் வாயைத் திறந்தால் அலுவலகத்தில் மனு கொடுக்க வந்தவரைப் போல ஆகிவிடுவார். கொஞ்ச காலம் முயன்று பார்த்தார். பிறகு சாப்பிட மட்டும் வாயைத் திறந்தார். அதை மாரெட் மன்னிக்கவில்லை.

அவள் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். எல்லோரும் ஜெர்மனில் பேசிக்கொண்டிருக்கும்போது, முகத்தில் சிரிப்பு மாறாமல், வெண்ணெய் எடுத்துக் கொடுக்கச் சொல்வதுபோல, ஃபெரிங்கில் ஒன்றைப் போடுவாள். மகாராணி இன்றைக்கும் காப்பி என்று மாட்டு மூத்திரத்தைத்தான் காய்ச்சியிருக்கிறாள். இந்தப் பிளம் கேக்கைக் கரைத்தடுப்பில் வைத்தால் கடலே நின்றுவிடும். பிரார் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான். அம்மா மேஜைக்கடியில் காலை மிதிப்பாள். ரோஸ்வித்தா சிரித்தபடி இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் மாரெட்டுக்கு இன்னும் குமட்டும்.

ஒரு தடவை வயிற்றிலேயே பிள்ளை போய், ரோஸ்வித்தா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். ஈஸ்டர் காப்பி. வெளிறிப்போன முகத்தோடு அவளே எல்லோருக்கும் ஊற்றினாள். மாரெட் கோப்பையை நீட்டிக்கொண்டே ஃபெரிங்கில் ஒன்று சொன்னாள். எழுதவே கை கூசுகிறது.

"போகட்டும் விடு. இருந்திருந்தா அதுவும் ஜெர்மன்லதான் அழுதிருக்கும்."

பிரார் எழுந்து வெளியே போனான். அதன்பின் மாதக்கணக்கில் அக்காளிடம் பேசவில்லை. பிறகு பேசினான். கூடப்பிறந்தவர்கள், எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருப்பது? அன்று வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது என்று மாரெட் நினைத்தாள்தான், ஆனால் ரோஸ்வித்தாவுக்குத்தான் புரியாதே என்று ஆறிக்கொண்டாள். பிராருக்கும் ரோஸ்வித்தாவுக்கும் வேறு பிள்ளையும் இல்லை.

வருஷங்கள் போயின. அப்பாவும் அம்மாவும் போனார்கள். ரோஸ்வித்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மழை நாட்களில் விடுமுறைக்காரர்களை மண்டபத்தில் உட்காரவைத்துச் சொற்களைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்கினாள். வடகடலைச் சுற்றியுள்ளவர்கள் வாயில் புழங்கும் குட்டிக் குட்டிச் சொற்கள் எப்படி ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் என்பதுதான் விஷயம். அந்த மண்டபத்தைத் துடைப்பதும் மாரெட்தான். ஆகவே வாளியோடு கதவோரம் நின்று கேட்க வேண்டியதாயிற்று.

'கிஃப்ட்' என்றால் இங்கிலாந்தில் பரிசு, ஜெர்மனியில் விஷம், டென்மார்க்கில் விஷமும்தான், கல்யாணம் ஆனவர் என்பதும்தான் என்றாள் ரோஸ்வித்தா. எல்லாம் 'கொடு' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. பரிசைக் கொடுக்கிறோம், மருந்தைக் கொடுக்கிறோம், பெண்ணைக் கொடுக்கிறோம். கூட்டம் சிரித்தது. அப்புறம் வேலிக்கு வந்தாள். ஜெர்மானியர் வேலி என்று சொல்லும் அதே சொல்தான் ஹாலந்தில் தோட்டம், இங்கிலாந்தில் ஊர், ஐஸ்லாந்தில் வீட்டை ஒட்டிய புல்வெளி. முதலில் வேலி, பிறகு வேலிக்குள் இருப்பதெல்லாம்.

கேக் மென்றுகொண்டே அவர்கள் கைதட்டியதைப் பார்த்து மாரெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மேஜையின் வாயை அடைத்தவள், இப்போது மற்றவர் வாயிலிருந்து எச்சில் சொற்களைப் பொறுக்கி ஊருக்கு விற்கிறாள். "டென்மார்க்காரங்களுக்குத்தான் புத்தி இருக்கு. கல்யாணத்துக்கும் விஷத்துக்கும் ஒரே பேரு வெச்சிருக்காங்க" என்று ஃபெரிங்கில், கதவைப் பார்த்துச் சொன்னாள். ரோஸ்வித்தா ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு அடுத்த சொல்லுக்குப் போனாள்.

போன குளிர்காலத்தில் பிராருக்குத் தலையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பிழைத்து வந்தான், ஆனால் வலது பக்கம் விழுந்துவிட்டது, ஜெர்மன் அடியோடு போய்விட்டது. பேசவும் வராது, யாராவது பேசினாலும் விளங்காது. மிஞ்சியது சின்ன வயதில் அம்மா மடியில் கற்ற ஃபெரிங், அதிலும் குட்டிச் சொற்கள் மட்டும். சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர்.

கேட்டதும் மாரெட் முடிவெடுத்துவிட்டாள். தம்பி இனி தன் வீட்டில். ஃபெரிங்கில் தண்ணி என்றால் தெரியாது, வலிக்கிறது என்றால் தெரியாது, அப்படிப்பட்டவளிடம் அவனை விடுவது மாட்டுக்கொட்டிலில் விடுவதற்குச் சமம். கூடத்தில் கட்டில் போட்டாள். சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கித் தள்ளிக்கொண்டு, எதிர்க்காற்றில் தெருவோடு நடந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் ஜெர்மனில் தயாராக இருந்தது.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே மல வாடை. மாரெட்டுக்கு உள்ளூர ஒரு திருப்திகூட வந்தது. பார்த்தாயா, அழுக்கிலேயே போட்டு வைத்திருக்கிறாள். அறை வாசலில் நின்றாள். ரோஸ்வித்தா முதுகைக் காட்டியபடி பிராரைப் புரட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை. பிரார் ஃபெரிங்கில் முனகினான். குளிர் என்றான்.

மாரெட் ஓடிப்போய் அதை ஜெர்மனில் எடுத்துச் சொல்ல வாயெடுக்குமுன் ரோஸ்வித்தா போர்வையை இழுத்து அவன் மார்பில் போட்டாள்.

"இந்தா ஆயிடுச்சுடா தங்கம். இன்னும் ஒரு தடவை துடைச்சிடறேன். அப்புறம் சூடா டீ தரேன்."

ஃபெரிங். வகுப்பில் கற்ற ஃபெரிங் அல்ல. வார்த்தையை இழுத்து முடிக்கும் விதம் அப்படியே மாரெட்டின் அம்மாவுடையது.

மாரெட் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். ரோஸ்வித்தா திரும்பிப் பார்த்தாள், வியப்படையவில்லை. அம்மாவின் அடுப்படியில் கேட்டுக் கேட்டு வந்த பேச்சு, கல்யாணமான முதல் வருஷமே காது பழகிவிட்டது என்று ஃபெரிங்கிலேயே சொன்னாள். பேசியும் பார்த்தாளாம். அவள் ஃபெரிங்கில் கேட்டால் அம்மாவும் பிராரும் ஜெர்மனில் பதில் சொன்னார்கள். மரியாதைக்காகத்தான். கொஞ்ச காலத்தில் விட்டுவிட்டாள்.

"அப்ப மேஜையில நான்..." என்று தொடங்கினாள் மாரெட்.

"எல்லாம் புரிஞ்சுது மாரெட். அந்த ஈஸ்டர் அன்னிக்கும் புரிஞ்சுது." துணியைப் பிழிந்தாள். "அந்தத் தொட்டியைக் கொஞ்சம் பிடி. என் கை வழுக்குது."

மாரெட் போய்ப் பிடித்தாள். அழுக்குத் தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது. வாழ்நாளெல்லாம் எது எதற்கோ குமட்டியவளுக்கு அன்று குமட்டியது தன் நாக்கை நினைத்துத்தான், பிடுங்கி அந்தத் தொட்டியிலேயே போட்டுவிடலாம் போல. ஏதாவது சொல்ல வேண்டும். இந்த ஒரு தடவையாவது, இவளிடம், வீட்டுப் பேச்சில்.

"என்னை மன்னிச்சிரு, ரோஸ்வித்தா" என்றாள்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஜெர்மனில் சொல்லியிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தால் அவள் வாய்க்கு வேறெதுவும் வருவதில்லை.

பிரார் விளங்காமல் அக்காளைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். என்ன சொல்கிறாள் என்று கேட்டான். ரோஸ்வித்தா குனிந்து, அவன் காதருகே, ஃபெரிங்கில் எடுத்துச் சொன்னாள்.