அப்பாவின் விமானத் தபால்தலைகளும் என் கல்யாணப் பத்திரிகையும்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பதினேழு வீட்டாருக்கு, ஒரு மார்கழியில் தபால் உறை கேட்டு வாசலில் வந்து நின்ற மனிதராகவும் அவர் நினைவில் இருப்பார். அது ஏன் என்று அப்பா யாருக்கும் விளக்கியதில்லை. அவருடைய மூத்த மகளான நான் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பா பிறந்தது சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில். பெற்றோர் பிறர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்து, பட்டாசு லேபில் அடிக்கும் மிஷின்மேனாக உயர்ந்தார். நாரணாபுரத்தில் வீடு கட்டினார். பொய் சொல்லத் தெரியாதவர். முன்கோபம் உண்டு, அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்காது. சித்தப்பா விஷயத்தில் மட்டும் ஒன்பது ஆண்டுகள் நீடித்தது.

பழைய விமானங்களின் படம் போட்ட நினைவுத் தபால்தலைகளைச் சேர்ப்பது அவருடைய ஒரே பித்து. விமானத்தில் ஏறியதில்லை, ஏற ஆசைப்பட்டதும் இல்லை. அச்சுதான் அவரை மயக்கியது. லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, “இம்புட்டுக்காணு தாளு, றெக்கையில கம்பி கம்பியாத் தெரியுது. கலரு மயிரிழை வெலகல. நாங்க அடிச்சா ராக்கெட்டு ஒரு பக்கம் போவுது, தீ ஒரு பக்கம் போவுது” என்பார்.

எனக்குத் தை மாதம் கல்யாணம் குறித்திருந்தது. மார்கழியில் காலண்டர் ஆர்டர்கள் குவிந்து கிடந்ததால் அப்பாவுக்கு லீவு இல்லை. நேரில் அழைக்காவிட்டால் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அம்மா சொல்லியும், பத்திரிகைகளைத் தபாலிலேயே அனுப்பச் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விலாசம் எழுதினேன். பதினெட்டு உறைகளுக்குத் தபால்தலை பற்றவில்லை. தபாலாபீஸ் பூட்டிக் கிடந்தது. பீரோவில் அப்பாவின் ஆல்பம் இருந்தது. “ஒட்டுறதுக்குத்தானம்மா ஸ்டாம்பு?” என்றேன். அம்மா தலையாட்டினார். ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

நான்கு நாள் கழித்து ஆல்பத்தைத் திறந்த அப்பா, “ஏ புள்ள, என் பிளேனெல்லாம் எங்கன?” என்று கத்தினார்.

“பறந்து போயிருச்சு. ஆமத்தூருக்கு ரெண்டு, சாத்தூருக்கு நாலு” என்றார் அம்மா.

கல்யாணத்துக்குக் கிடைக்காத லீவு மறுநாளே கிடைத்தது. “ஒட்டுன கைதானே, நீயும் ஏறு” என்று என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டார்.

முதலில் ஆமத்தூர் அத்தை வீடு. அத்தை அப்பாவுக்கு அக்கா. தபாலில் பத்திரிகை வந்த கோபத்தில் இருந்தவர், எங்களைக் கண்டதும் உருகிவிட்டார். “தபால்ல போட்டுட்டு இருந்துருவேன்னு நெனச்சேன். நேர்லயும் வந்துட்டியே, தம்பி!”

“பத்திரிகை இருக்கட்டும்க்கா. அந்த உறைய மட்டும் குடு.”

அத்தை சாமி படத்தடியிலிருந்து உறையை எடுத்து வந்தார். நான்கு மூலையிலும் பக்தியோடு மஞ்சள் தடவியிருந்தார். ஒரு மூலையில் விமானம் இருந்தது. அதைப் பார்த்து அப்பாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தம்பிக்கு எவ்வளவு பாசம் என்று அத்தையும் அழுதார்.

தபாலும் அனுப்பி, வீடு தேடியும் வந்து அழைத்தவர் என்று அப்பாவின் பெயர் ஊர் ஊராகப் பரவியது. யாரும் வராமல் இருக்கவில்லை. என் கல்யாணத்தில் மூன்றாம் பந்தியிலேயே சாம்பார் தீர்ந்ததற்கு வேறு காரணம் இல்லை.

பதினேழு உறைகள் திரும்பின. அப்பாவின் உயிரான இரட்டை இறக்கை விமானம் மட்டும் வரவில்லை.

“அது ஆருக்குப் போச்சு?”

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “அச்சங்குளத்துக்கு. ஒங்க தம்பிக்கு” என்றார்.

சித்தப்பா ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். அவர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையை அப்பா அடித்துக் கொடுத்தபோது, சித்தப்பாவின் மாமனார் பெயர் விடுபட்டுப் போனது. வேண்டுமென்றே விட்டதாகச் சித்தப்பா சொன்னார். அதோடு பேச்சு நின்றது. அவருக்குப் பத்திரிகை அனுப்பியதே அப்பாவுக்குத் தெரியாது.

அப்பா ஒரு நாள் தள்ளிப்போட்டார். மறுநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு அச்சங்குளத்துக்கு மொபெட்டை விட்டார்.

சித்தப்பா எங்கள் பக்கம் திரும்பாமல் சித்தியிடம், “என்ன விஷயமா வந்திருக்காகன்னு கேளு” என்றார்.

அப்பா என்னிடம், “பத்திரிகை வைக்க வந்திருக்கோம்னு சொல்லும்மா” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய்.

“அதான் தபால்ல வந்துச்சே?”

“அதைத் திருப்பி வாங்கிட்டு, கையில குடுக்கலாம்னு.”

சித்தப்பா உள்ளே போய், பாலிதீன் தாளில் சுற்றிய உறையைக் கொண்டு வந்தார். ஒரு கறை இல்லை. முதல் முறையாக அப்பாவைப் பார்த்து, “ரெட்டை றெக்கை வண்டி. ஒருத்தரத் தொட விட மாட்டீக. அதையே எனக்கு ஒட்டி அனுப்பியிருக்கீகளேண்ணே” என்றார்.

உறையை வாங்க நீண்ட அப்பாவின் கை பாதியில் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டது.

“ஆமாலே. ஒனக்குன்னுதான் ஒட்டுனது. வச்சுக்க” என்றார். அது இரண்டாவது பொய்.

அப்பாவின் கடைசி இரண்டு மாதங்கள் விருதுநகரில் ஆஸ்பத்திரியில் கழிந்தன. சித்தப்பா சீசன் நேரத்திலும் கம்பெனிக்குப் போகாமல் கட்டிலருகே பாய் விரித்துக் கிடந்தார். அவர்தான் சவரம் செய்துவிடுவார். “மெதுவாலே, தோல விட்டு வையி” என்று அப்பா திட்டுவார். அப்படித் திட்டிய ஒரு காலையில்தான் அமைதியாகக் கண் மூடினார்.

அருகிருந்து பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த அச்சகத் தோழர்களுக்கும், ஊர் ஊராக வந்து துக்கத்தில் பங்குகொண்ட உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பாவுக்கு மட்டும் நேரில் நன்றி சொல்லப் போனேன். அச்சுக்குக் கொடுக்குமுன் இக்கட்டுரையை அவருக்கு வாசித்தும் காட்டினேன். இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்ததைக் கெடுக்கிறோமே என்று தயங்கித் தயங்கித்தான் வாசித்தேன்.

சித்தப்பா சிரித்துவிட்டார். “எனக்குத் தெரியாதாக்கும்? விலாசம் ஒன் கையெழுத்துலல்ல இருந்துச்சு. அண்ணன் என்ன செய்றாகன்னு பாக்கத்தான் அப்படிச் சொன்னேன்.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பீகளா சித்தப்பா?”

“குடுத்துருப்பேன். கேக்கலையேம்மா” என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.