அஞ்சு நாள் கோஸ்

போன வாரம் கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் ஒருவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். என் எழுத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள்... என் பையில் இருந்த முட்டைகோஸுக்காக!

இட ஒதுக்கீட்டுப் போராட்டம். ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, காய்கறியும் இல்லை. மார்க்கெட்டில் மிஞ்சியிருந்த ஒரே கோஸை நான் வாங்கிவிட்டேன். அதுதான் நான் செய்த குற்றம்.

"அண்ணே, அத்த எனக்குக் குடுத்துடுங்க. எம் பொஞ்சாதிக்கு இன்னும் ரெண்டு நாளு பாக்கி இருக்குது."

ஆள் ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயி. பெயர் கோவிந்தன். மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு கோஸுக்காகவா?

"அவளுக்கு ஜொரம்னு ஆஸ்பத்திரில காட்டுனேன். கலர் மாத்திர எழுதிக் குடுத்து, 'அஞ்சு நாள் கோஸ் முழுசா முடிக்கணும், பாதில நிறுத்தினா திரும்ப வந்துடும்'னாரு டாக்டரு. மூணு நாளா பொரியலு, கூட்டுன்னு துன்னுகினு இருக்கா. இன்னிக்கு எங்கயும் கோஸு இல்ல. ஜொரம் திரும்பி வந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

"மாத்திரை என்னாச்சு?"

"அது சூடாச்சே! ஜொரம் வுட்டதும் நிறுத்திட்டோம். கோஸ மட்டும் வுடல."

டாக்டர் சொன்னது 'கோர்ஸ்' ஐயா, மாத்திரை கோர்ஸ்! சொன்னேன், நம்பவில்லை. "டாக்டரு வாயால சொல்லட்டும்" என்றார். ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள் — நாளைக்கே எனக்கும் காய்ச்சல் வரலாம்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விவரம் கேட்டுக்கொண்டு, "பயப்படாதீங்க. வெறும் ஜலதோஷக் காய்ச்சல். அந்த மாத்திரை இல்லாமலே போயிருக்கும்" என்றார்.

கோவிந்தன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே பயமில்லீங்களே?" என்று இரண்டு தரம் கேட்டார். எனக்குத்தான் கோபம் வந்தது.

"அப்புறம் எதுக்கு சார் எழுதினீங்க?"

"மறியல் பாருங்க. காய்ச்சல் ஜாஸ்தியாச்சுன்னா திரும்ப வர முடியாதே... ஒரு சேஃப்டிக்குத்தான்."

"மறியலுக்கு முன்னாடி?"

"அப்பவும் எழுதுவேன்." அசடு வழிந்தார். "கஞ்சி குடிச்சு ரெஸ்ட் எடுங்கன்னு அனுப்பினா, 'இவனெல்லாம் ஒரு டாக்டரா'ன்னு அடுத்த தெருவுக்குப் போயிடறாங்க. கை தானா எழுதிடுது சார்."

அதுவும் உண்மைதான். இரண்டு கலர் மாத்திரை இல்லாமல் வெறுங்கையோடு வீடு திரும்பினால், டாக்டரைப் பார்த்த திருப்தி நமக்கு வருகிறதா, சொல்லுங்கள்?

கிளம்பும்போது தொண்டை கரகரத்தது. லேசாகச் செருமினேன். அவ்வளவுதான், டாக்டரின் கை பேனாவுக்குப் போய்விட்டது!

கோவிந்தன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வந்துடுங்கண்ணே... கெடைக்காத காயா பாத்துச் சொல்லிடப் போறாரு!"