நாலு சொட்டுப் பெற்றோல்

விசுவமடு மண் தடத்தில் பழைய கார்களை ஓட்டும் பந்தயக்காரன் நான். ஓமந்தையிலிருந்து வந்த ஓர் அக்கா ஒருமுறை என்னை வென்றுவிட்டார். அடுத்த முறை, “பொம்பிளையளைச் சேர்க்காதேங்கோ” என்று நடத்துபவர்களிடம் சண்டை பிடித்தேன். அவர்கள் கேட்கவில்லை.

புறப்படும் நேரம் என் கார் ஸ்ராட் ஆகவில்லை. அவசரத்தில் பெற்றோல் என்று நினைத்து, எஞ்சின் கழுவ வைத்திருந்த மண்ணெண்ணெயைத் தாங்கிக்குள் ஊற்றியிருந்தேன். அந்த அக்கா தன் காரைவிட்டு இறங்கி வந்து, காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டார்.

“சண்டை நேரம் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்திலை இப்பிடித்தானே ஓடினனாங்கள். சூடேறினா மண்ணெண்ணெயிலையும் ஓடும். ஸ்ராட் பண்ணுங்கோ.”

“நான் உங்களை மறிச்சனான், அக்கா.”

“தெரியும். நான் உங்களோடை ஓடி வெல்லத்தான் வந்தனான்.”

கார் வெண்புகை கக்க, கடைசிச் சுற்றுவரை அவரைத் துரத்தினேன். அவரே வென்றார். இரண்டாவதாக வந்த நான்தான் முதலில் கைதட்டினேன். இப்போதெல்லாம் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போனால், அக்காவின் பெயரை எழுதிவிட்டுத்தான் என் பெயரை எழுதுகிறேன்.