சித்தியின் தாடையும் பச்சைக் கோடும்

சித்தி தன் பள்ளிப் பேருந்தை விட்டு இறங்கியது ஒரு திங்கட்கிழமை காலை. கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பப் போனபோது இடது கை வரவில்லை. கூப்பிட்டால் வராத பிள்ளையைப் போல மடியில் கிடந்தது. பத்தொன்பது வருஷம் ஓட்டிய வண்டியிலிருந்து இரண்டு பேர் அவளைத் தூக்கி இறக்கினார்கள்.

ஊர் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பாவுக்கு அதில் ரகசிய வருத்தம். இடது கை ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் மருத்துவச் சான்றிதழ். இல்லாவிட்டால் வண்டி வேறொருவர் கைக்குப் போய்விடும்.

மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. தலையில் கம்பிகள் தொங்கும் தொப்பி, கண்ணை மூடிய பெரிய கண்ணாடி. கண்ணாடிக்குள் ஒரு தோட்டம். மரத்திலிருந்து ஆப்பிள் பறித்துக் கூடையில் போட வேண்டும். நோயாளி எவ்வளவு ஈடுபாட்டோடு விளையாடுகிறார் என்பதை மூளையின் மின்னோட்டத்திலிருந்து கணக்கிட்டு, திரையில் பச்சைக் கோடாகக் காட்டுவார்கள். தொடர்ந்து நான்கு முறை கோடு பாதிக்குக் கீழே போனால் இடம் அடுத்தவருக்கு.

சித்தியின் கோடு தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. எனக்கே கொட்டாவி வருது, மூளைக்கு வராதா என்று கேட்டாள்.

நான்காவது தடவை ஆய்வாளர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, கொஞ்சம் மனசு வைக்கச் சொன்னார். எரிச்சலில் சித்தி பல்லைக் கடித்தாள். கோடு விறுவிறுவென்று ஏறியது. “அப்படித்தான்ம்மா” என்றார் ஆய்வாளர். சித்தி பல்லை விட்டாள், பாராட்டு நின்றது. மறுபடி கடித்தாள், பாராட்டு வந்தது. நாற்பது பிள்ளைகளின் தில்லுமுல்லைப் பேருந்துக் கண்ணாடியில் பார்த்தே பழகியவளுக்கு இது போதாதா?

மூன்று வாரம் அவள்தான் நட்சத்திர நோயாளி. ஆனால் ஆளுக்கு ஆர்வம் கூடினால் ஆட்டமும் தானாக வேகம் கூட்டும். ஆப்பிள்கள் ஆலங்கட்டியாகக் கொட்டின. ஒன்றுகூடக் கையில் சிக்கவில்லை. முன்பு டம்ளரைச் சுற்றி மடங்கிய விரல்கள் இப்போது பாதியிலேயே நின்றன.

“மெஷின் என்னைப் புலின்னு நினைச்சு மானை அவுத்து விடுதுடி. நான் பூனை” என்றாள் லிஃப்டில்.

இடம் போனாலும் போகட்டும் என்று மறுநாள் போய் உண்மையை உடைத்துவிட்டாள். “நீங்க இத்தனை நாள் அளந்தது என் தாடையை, டாக்டரம்மா. மூளை நல்லா தூங்கிட்டிருந்துச்சு.”

ஆய்வாளரின் முகம் வெளுத்தது. அந்தக் கோட்டை ஏற்கெனவே ஒரு கூட்டத்தில் காட்டிக் கைதட்டல் வாங்கியிருந்தார். தாடைத் தசையின் மின்சாரம் மூளையுடையதைவிடப் பெரியது. அதைப் பிரித்தெடுக்க வேண்டியது அவர் வேலை. தப்பு இரண்டு பக்கமும் இருந்ததால் யாரும் யாரையும் துரத்தவில்லை. தாடையில் ஒரு கம்பி ஒட்டி, இன்னும் நான்கு வாய்ப்பு கொடுத்தார்.

இந்த முறை தனியாக விடவில்லை. பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற போக்குவரத்துக் காவலர் ஒருவர், அவருக்கும் இடது கைதான். இருவரையும் ஒரே தோட்டத்தில் இறக்கினார். பேசினாலும் தாடை அசையும் என்பதால் வாய்க்குத் தடை. சித்தி பிறந்ததிலிருந்து முதன்முறையாக அரை மணி நேரம் பேசாமல் இருந்தாள். காவலர் அவள் மரத்தில் கை வைத்ததும் கோடு எழுந்து நின்றது. உட்காரவே இல்லை. தொப்பியைக் கழற்றியதும் ஆரம்பித்தாள்.

“அது என் மரங்க.”

“உங்க பேர் எழுதியிருந்துச்சா?”

“காக்கியைக் கழட்டியும் வசூல் புத்தி போகல பாருங்க.”

மறுநாள் இருவரும் அரை மணி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நான் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பதினான்கு மாதம் கழித்து ஒரு பிற்பகல், சித்தியிடமிருந்து செய்தி:

“சான்றிதழ் குடுத்துட்டாங்க. இன்னிக்கு வண்டியில முதல் நடை. இடது கை பிடிச்சுது, திருப்பத்துல மட்டும் கொஞ்சம் முரண்டு. ஏன் ஆண்ட்டி ஆமை மாதிரி போறீங்கன்னு ஒரு வாண்டு கேட்டா. இறக்கி விட்டுட்டேன். அவ வீட்டு வாசல்லதான்.”