இடது கதவில் ஒரு டிப்ரஷன்

போன வாரம் ஒரு காலையில் என் மகள் தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். சாப்பிடேண்டி என்றால், "எனக்கு டிப்ரஷனா இருக்கும்மா" என்றாள். நான் உடனே, "எந்தப் பக்கம்? ரைட்டா, லெஃப்டா?" என்று கேட்டுவிட்டேன். வாய் கேட்டதோடு நிற்காமல் கையும் நீண்டு அவள் தோளைத் தடவப் போய்விட்டது. அவள் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது. பிசிக்ஸ் டெஸ்டுதான் விஷயம் என்பது அப்புறம் தெரிந்தது.

என்மேல் தப்பில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஏழு வருஷம், டிப்ரஷன் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள் நான். டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரகடத்தில் தகட்டை அச்சில் வைத்து அழுத்திக் கார் கதவு அடிக்கிற ஒரு கம்பெனி. அதன் பிரஸ் ஷாப்பில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பெயரைக் கேட்டுப் பயந்துவிடவும் வேண்டாம்; வேலை கதவைத் தடவுவது. பிரஸ்ஸிலிருந்து வருகிற தகட்டை மேஜைமேல் சாய்த்து வைத்து, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே உள்ளங்கையால் ஒரு தடவு. கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரிந்துவிடும். மேடாக இருந்தால் பிம்பிள், சுருங்கியிருந்தால் ரிங்கிள், பள்ளமாக இருந்தால் டிப்ரஷன். பி.ஏ. இங்கிலீஷ் படித்த பெண் பியூட்டி பார்லரில் வேலை செய்கிறாள் என்றே வாலாஜாபாத்தில் எங்கள் தெருவில் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கையுறையின் எண்ணெய் வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் விரலைவிட்டுப் போகாது. என்னிடம் இன்னும் இருக்கிற ஒரு தடித்த டிக்‌ஷனரியிலும் அதே வாடைதான். காஞ்சிபுரத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையும் எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது, எப்போது கெட்டுப்போனது என்று ஜாதகம் மாதிரி எழுதியிருக்கும். கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் வாயைத் திறந்து தூங்க, நான் அதைப் படித்துக்கொண்டு போவேன். பி.ஏ. வீண்போகவில்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தவை சோக வார்த்தைகள். ஸேட் என்றால் (அடகுக்கடை சேட்டு இல்லை) வருத்தம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆதியில் அதற்கு வயிறு நிறைந்தவன் என்று பொருளாம். வயிறு நிறைந்தால் உடம்பு கனக்கும், கனத்தால் முகம் இறுகும், இறுகின முகத்தைப் பார்த்தவர்கள் வருத்தம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். கேன்டீனில் பிரியாணி போடுகிற புதன்கிழமைகளில் ஷாப் முழுக்க இந்தப் பழைய பொருளில் ஸேடாக இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிஸ்மல் என்பது லத்தீனில் கெட்ட நாள். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் காலண்டரில் மாதத்துக்கு இரண்டு நாள் குறித்துவைத்து, அன்றைக்கு நல்ல காரியம் எதுவும் தொடங்காமல் இருந்திருக்கிறான். நம் கரிநாள்தான், வேறென்ன. மெலன்கலி என்பது கறுப்புப் பித்தம். சாட்டர்னைன் என்றால் சனி பிடித்தவன். மூடி என்கிற வார்த்தை தைரியசாலி என்று ஆரம்பித்து, திமிர் பிடித்தவன் ஆகி, கோபக்காரன் ஆகி, கடைசியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருகிறவனிடம் வந்து நின்றிருக்கிறது. எங்கள் பெரியப்பாவின் வாழ்க்கை வரலாறும் ஏறக்குறைய அதுதான்.

இந்தப் படிப்பு கம்பெனிக்குப் பயன்படும் நாளும் வந்தது. ஹெச்.ஆருக்குப் புதிதாக ஒரு மேடம் வந்தார். சென்னையிலிருந்து தினமும் காரில் வருகிறவர். நல்ல மனசு, ஆனால் எதையும் உடனே செய்துவிட வேண்டும் என்கிற அவசரம். வேலை செய்கிறவர்களின் மனநிலையைக் கவனிக்க வேண்டும் என்று எங்கள் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் புதிதாக ஒரு கட்டம் போடச் சொன்னார். பெயர், பிரஸ் நம்பர், அடித்த பீஸில் என்ன குறை என்று ஏற்கெனவே இருந்த கட்டங்களுக்குப் பக்கத்தில் மூட் என்று ஒன்று. ஒவ்வொருவரும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுத வேண்டும். முதல் வாரம் எல்லாரும் டல் என்று எழுதினார்கள். எங்கள் பக்கத்தில் காய்ச்சல், பசி, மாமியார், மழை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான். மேடத்துக்குத் திருப்தியில்லை, வேறு வேறு வார்த்தை வேண்டும் என்றார். எல்லாரும் என் மேஜைக்கு வந்துவிட்டார்கள்.

"இன்னாமா, ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமாமே. கெத்தா ஒரு வார்த்த குடு," என்றார் எங்கள் சூப்பர்வைசர் தனசேகர் அண்ணன். குன்றத்தூர்க்காரர். அப்போது அவருக்கு ஏழரை நடந்துகொண்டிருந்தது. சாட்டர்னைன் என்று எழுதிக் கொடுத்து அர்த்தத்தையும் சொன்னேன். "அட, வெள்ளக்காரனுக்கும் சனி கீதா!" என்று ஆறுதல் அடைந்தவர், மூன்று மாதம் அதையே எழுதினார்.

வார்த்தை கேட்டு வராதவன் இசக்கிமுத்து ஒருவன்தான். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட இரண்டு வயது சின்னவன். படப்பையில் ஒரே அறையில் ஐந்து பேரோடு தங்கிக்கொண்டு, எங்கள் ஷாப்பில் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டினான். பேச்சு குறைவு. மூட் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுவான். அவன் டிரெய்னியாக வந்து இரண்டு வருஷம் முடியப்போகிற மாதம் அது. முடிந்ததும் பெர்மனன்ட் லிஸ்ட் ஒட்டுவார்கள். அதில் பெயர் இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியேதான். இசக்கிக்கு அந்த லிஸ்ட்டில் இரண்டு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஒன்று வேலை. இன்னொன்று கல்யாணம். பெண் கொடுப்பதாகச் சொன்ன அவனுடைய மாமா, பெர்மனன்ட் லெட்டரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தட்டு மாற்றுவேன் என்று ஊரில் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் அச்சுக்குள் ஏதோ துணுக்கு சிக்கிக்கொண்டது. வருகிற இடது கதவில் எல்லாம் பள்ளம். நான் ரெஜிஸ்டரில் எழுதினேன்: இசக்கிமுத்து, டிப்ரஷன், லெஃப்ட் சைடு, டெய்லி, டீப். என் கையெழுத்து கொஞ்சம் தாராளமானது. குறைக்கான கட்டம் போதாமல் பக்கத்துக் கட்டத்திலும் போய் உட்கார்ந்துவிட்டது. இசக்கியின் காலி மூட் கட்டம் இப்படி ஒரு வழியாக நிரம்பியது.

இரண்டு நாள் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். எதிரில் ரெஜிஸ்டர் திறந்திருந்தது. பீஸைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"இசக்கியோட டிப்ரஷன், எத்தனை நாளா இருக்கு?"

"திங்கக்கிழமைலேர்ந்து மேடம். மொதல்ல லேசாதான் இருந்துச்சு. இப்ப கை வெச்சாலே தெரியுது."

"ஐயோ. என்ன காரணம்னு ஏதாவது தெரியுமா?"

"உள்ள ஏதோ சின்னதா மாட்டிக்கினு இருக்குது மேடம். தொறந்து பாத்து எடுத்துட்டா சரியாப்பூடும். யாரும் தொறக்க மாட்டேங்கறாங்க. டார்கெட் போயிடுமாம்."

"தனசேகருக்குத் தெரியுமா இது?"

"தெரியுமே மேடம். சின்னதா இருந்தா சுத்தியால ரெண்டு தட்டு தட்டி அனுப்புங்கன்னு அவருதான் சொன்னாரு."

மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. "அப்பவும் சரியாகலைன்னா?"

"ஸ்க்ராப்புதான் மேடம். பின்னாடி யார்டுல போட்டுட்டா, லாரிக்காரன் வந்து எடுத்துக்கினு போயிடுவான்."

மேடம் தண்ணீர் குடித்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்லி நல்ல பெயர் வாங்கிவிட்ட சந்தோஷத்தில் நான் வெளியே வந்தேன்.

அன்று மதியமே இசக்கியை பிரஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அன்று வியாழக்கிழமை. வாரம் ஒரு முறை கம்பெனிக்கு வருகிற மனநல டாக்டரிடம் அவனை அனுப்பினார்கள். இப்படிப்பட்ட ஆளை மிஷினில் விடலாமா என்று மேலே யோசித்திருக்கிறார்கள். மறுநாள் தயாரான பெர்மனன்ட் லிஸ்ட்டில் அவன் பெயருக்கு எதிரில் ஹோல்ட் என்று வந்துவிட்டது. தனசேகர் அண்ணன் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"இன்னாமா எழுதி வெச்ச? அந்தப் புள்ளைக்கு மெண்டல்னு பேசிக்கினு கீறாங்க. நான் அவன சுத்தியால அடிச்சேன்னு என்கொய்ரிக்கு வேற கூப்டுறாங்க!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் தாராளமான கையெழுத்தால் ஒருத்தனுக்கு வேலையும் போய்ப் பெண்ணும் போகப்போகிறது. மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவரால் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. "ஃபைல்ல ஏறிடுச்சும்மா. எழுத்துல குடு, மேனேஜர் பாக்கணும்" என்றார். எழுத்தில் என்று கேட்டதும் எனக்குள் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்த பி.ஏ. எழுந்து முகம் கழுவிக்கொண்டது.

நாலு பக்கம் எழுதினேன். டிப்ரஷன் என்றால் கீழே அழுத்துதல், நம் கம்பெனியின் தொழிலே அழுத்துவதுதான், ஆகவே இங்கே இந்த வார்த்தை முதலில் தகட்டுக்குத்தான் சொந்தம் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. வயிறு நிறைந்தவன், கரிநாள், பித்தம் எல்லாம் வரிசையாக வந்தன. அப்செட் என்ற வார்த்தை ஒரு காலத்தில் நிமிர்த்தி வைப்பதைக் குறித்தது, பிற்பாடுதான் கவிழ்ப்பதானது என்று விளக்கி, அந்தப் பழைய பொருளில் இசக்கிமுத்துவின் பெயரை அப்செட் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டேன். சல்லன் என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். உம்மென்று இருப்பவன் என்று அர்த்தம். பழைய அர்த்தம், தனியாக இருப்பவன். அதில் வேடிக்கை ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில், இசக்கிமுத்துவுக்கு எந்தவிதமான டிப்ரஷனும் கிடையாது என்று அடிக்கோடு போட்டு எழுதி, கையெழுத்திட்டு, பழக்கதோஷத்தில், நல்ல கதவுக்குக் குத்துகிற ஓகே முத்திரையையும் குத்திவிட்டேன்.

"இது லெட்டரா, ஸ்தலபுராணமா?" என்றார் தனசேகர் அண்ணன். மேனேஜர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். சனிக்கிழமை லிஸ்ட்டை ஒட்டினார்கள். இசக்கிமுத்து பெர்மனன்ட். பிரஸ்ஸை நிறுத்தி அச்சையும் திறந்து பார்த்தார்கள். அரிசி அளவுக்கு ஒரு இரும்புத் துணுக்கு. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கேன்டீனில் இசக்கி எனக்கும் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றான். நான் பெருமை தாங்காமல், "ஒனக்கு ஒண்ணுமில்லன்னு நாலு பக்கம் எழுதினேன், தெரியுமா?" என்றேன்.

"ஆமாக்கா, மேடம் சொன்னாவ. ரொம்ப நன்றிக்கா." டீயை ஒரு வாய் குடித்தான். "அந்த டாக்டரு அன்னைக்கி முக்கா மணி நேரம் பேசினாவ. எப்பிடி இருக்க, ஒறங்குதியா, யாருகூட பேசுவன்னுல்லாம் கேட்டாவ. இங்க வந்து ரெண்டு வருசத்துல அப்பிடி ஒருத்தரும் கேக்கல, பாத்துக்கிடுங்க. அடுத்த வியாழக்கெழமையும் வரச் சொல்லியிருந்தாவ. ஒனக்குத்தான் ஒண்ணுமில்லியேன்னு இப்ப பேர அடிச்சிட்டாவ." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே சிரித்தான். "போட்டும்க்கா. அதான் பெர்மனன்ட் ஆயிட்டுல்லா."

மேடத்திடம் போய், இன்னொரு தடவை அந்த டாக்டரைப் பார்க்க விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஹோல்ட் மறுபடி வந்துவிடுமோ என்று பயம். கேட்கவில்லை. மறுநாளிலிருந்து நானே, "எப்பிடி இருக்க இசக்கி?" என்று விசாரிக்க ஆரம்பித்தேன். "நல்லாருக்கேன்க்கா" என்பான். ஒன்றுமில்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தவளிடம் வேறென்ன சொல்வான்? சோகத்துக்கு இங்கிலீஷில் உள்ள பெயர்களையெல்லாம் பூர்வீகத்தோடு தெரிந்து வைத்திருந்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

இசக்கிக்குக் கல்யாணம் ஆயிற்று. அடுத்த வருஷம் ஊர்ப்பக்கமே ஒரு வேலை கிடைத்துப் போய்விட்டான். மூட் கட்டத்தை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். மேடமும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இப்போது அந்த ஷாப்பில் ரெஜிஸ்டரே இல்லை என்கிறார்கள். கதவு பெல்ட்டில் போகிறது, மேலே இருக்கிற கேமரா பார்க்கிறது, பள்ளம் இருந்தால் திரையில் சிவப்பு வட்டம் விழுகிறது. டிப்ரஷன் என்று அங்கே யாரும் சொல்வதுகூட இல்லையாம்.

அப்போதெல்லாம் அரை மணிக்கு ஒரு பீஸை ஆபரேட்டரே தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் சாய்க்க வேண்டும். நான் தடவி முடித்து ஓகே சொல்லும்வரை எதிரிலேயே நிற்க வேண்டும். இரண்டு நிமிஷம் ஆகும். இசக்கி இரண்டு வருஷம் அப்படி என் எதிரில் வந்து நின்றிருக்கிறான். அங்கே இப்போது யாரும் யார் எதிரிலும் வந்து நிற்பதில்லை. நின்ற காலத்தில் நான் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.