பெலேயும் சியெனியின் சொற்பெட்டியும்

சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில், அரசு ஆவணங்களைச் சமோவா மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றிக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் பெலே என்கிற பெலேயுபு பதினாறு வருடமாக மொழிபெயர்ப்பாளர். நிரல் எழுத அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தானே தட்டுத்தடுமாறிக் கற்று, அலுவலகத்துக்கு ஒரு சொற்பெட்டி செய்து கொடுத்தாள். எந்த மென்பொருளில் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, இரண்டு விசைகளை அழுத்தினால் அதற்கு அலுவலகம் ஏற்ற இணைச்சொல் திரையில் வந்து நிற்கும். உள்ளே நடந்தது எளிய தந்திரம்தான். பெட்டி, காப்பி விசையைத் தானே அழுத்தி, வந்த சொல்லை எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் ஆள் காப்பி செய்து வைத்திருந்தது அத்தோடு அழிந்துபோகும்.

"ஒரு பக்கம் காப்பி பண்ணி வச்சிருந்தேன் பெலே. உன் பொட்டி முழுங்கிடுச்சு," என்று மூத்த மொழிபெயர்ப்பாளர் அபேலு வாரம் ஒருமுறை புலம்புவார்.

"முழுங்கினா என்ன மாமா, சொல்லத் துப்புதுல்ல?" என்பாள் பெலே. புலம்பலும் அவளுக்கு ஒருவகைப் பெருமைதான்.

பெலேயின் சின்னம்மா மகள் சியெனி, வெலிங்டனில் படித்துவிட்டு வந்து அதே அலுவலகத்தில் சேர்ந்தாள். ஒரே வாரத்தில் வேறொரு பெட்டி எழுதிவிட்டாள். பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டுவதற்கென்று கணினிக்குள் இருக்கும் வழியில் போய், "இப்போது எது தேர்வாகியிருக்கிறது?" என்று அந்தந்த மென்பொருளையே அது கேட்டது. காப்பி செய்தது காப்பி செய்தபடியே இருந்தது.

"இதல்லவா பொட்டி!" என்றார் அபேலு. மறுநாள் அவர் வீட்டில் எண்ணெயில் பொரித்த பனிகேகே உருண்டைப் பொட்டலம், வழக்கமாக வரும் பெலேயின் மேசையைத் தாண்டிச் சியெனியின் மேசைக்குப் போனது. பெலேயும் ஒன்றை எடுத்துக் கடித்து, "நல்லா இருக்குடி, உன் பொட்டியும்தான்," என்றாள். வயிறு எரிந்தது.

அன்றிலிருந்து அவள் அந்தப் பெட்டியைக் குடைந்தாள். ஒவ்வொரு மென்பொருளாகத் திறந்து சோதித்தாள். திங்கட்கிழமை ஒரு குறை அகப்பட்டது. நீதிமன்ற ஆவணங்கள் வரும் பழைய மென்பொருள், சியெனியின் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. பதில் வராதபோது பெட்டி, கடைசியாகக் கிடைத்த சொல்லையே மறுபடி காட்டியது. பெலே யாரிடமும் மூச்சுவிடவில்லை. எல்லார் முன்னிலையிலும் சியெனி தலைகுனியட்டும் என்று காத்திருந்தாள்.

வியாழனன்று அபேலுவின் நில வழக்கு ஆவணம் சரிபார்ப்புக்குப் பெலேயிடம் வந்தது. நாலாம் பக்கத்தில், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் என்று இருக்கவேண்டிய இடத்தில் குத்தகைக்கு விட்டவர் என்று இருந்தது. ஒரு குடும்பத்தின் நிலம் ஒரே சொல்லில் கைமாறிக் கிடந்தது. வெளியே, ஆவணத்தை எடுத்துப்போக நீதிமன்ற வண்டி வந்து ஹாரன் அடித்தது.

கையெழுத்துப் போட்டு அனுப்பினால், சியெனியின் பெயர் ஆப்பியா முழுக்க நாறும். ஆனால் கையெழுத்து தன்னுடையது. அந்த நிலமோ யாரோ பாவப்பட்டவர்களுடையது. எழுந்து போய் வண்டியை நிறுத்தினாள்.

அபேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பொட்டி சொன்னுச்சு, போட்டேன்."

"பழைய மென்பொருள்ல அது தப்பாத்தான் சொல்லும்," என்றாள் பெலே.

சியெனி நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா?"

"திங்கட்கிழமையே பார்த்தேன்."

"நாலு நாளா வாய மூடிட்டு இருந்தீங்களா?"

"பொறாமைடி. வேற என்ன?"

சியெனியின் கண் கலங்கிவிட்டது. மறுநாள் முழுக்க அவள் பெலேயோடு பேசவில்லை. திங்களன்று நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பழசுல உங்க பொட்டி வேலை செய்யுதே. அத எனக்குக் காட்டுங்க."

இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பெட்டி முதலில் மென்பொருளைக் கேட்கும். பதில் இல்லையென்றால் பெலேயின் வழியில் காப்பி எடுக்கும். எடுத்த கையோடு முன்பு இருந்ததைத் திருப்பி வைத்துவிடும். திருப்பி வைக்கும் யோசனை சியெனியுடையது. இத்தனை வருடம் தனக்கு அது தோன்றவில்லையே என்று பெலேக்கு அன்றும் எரிந்தது.

எரிச்சல் அடங்கவில்லை, அவள் அதோடு வாழப் பழகிக்கொண்டாள். தினமும் மாலை, தன் வழி எத்தனை முறை தேவைப்பட்டது என்று பெட்டியின் பதிவைத் திறந்து பார்ப்பாள். பதினொன்று, பன்னிரண்டு என்று இருந்தால், பேருந்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போவாள்.