கண்ணைப் பார்க்கும் காரில் மொன்றியலுக்கு

மே மாத நீண்ட வார இறுதியில் மொன்றியலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வந்தோம். வழக்கமாக நான்தான் ஓட்டுவேன். போன தடவை திரும்பும்போது, வீட்டை நெருங்கும் நேரம், அஜக்ஸில் கண்ணயர்ந்துவிட்டேன் என்கிறாள் மனைவி சுகந்தி. நான் இல்லை என்கிறேன். "கார் தானா ஓடினால் வாறன், இல்லாட்டி நீங்கள் தனியப் போங்கோ" என்றுவிட்டாள். பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு நான் மட்டும் போய் நிற்க முடியுமா? நெடுஞ்சாலையில் கையை விட்டாலும் ஓடும் கார் ஒன்றை மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்தேன்.

காலை ஆறு மணிக்கு வோபர்னில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். தேநீர்க் கடை வரைக்கும் இரண்டு கிலோமீற்றர், நானே ஓட்டினேன். அந்தத் தூரத்துக்கு இந்த வித்தையெல்லாம் எதற்கு? மொன்றியல் ஐந்நூற்றிருபது கிலோமீற்றர், அங்கேதான் பிரச்சினை.

401 நெடுஞ்சாலையில் ஏறி, தானாக ஓடவிடும் பொத்தானை அமர்த்தினேன். கையை எடுக்கலாம். ஆனால் ஸ்ரியறிங்குக்குப் பின்னால் ஒரு சின்னக் கமரா ஓட்டுபவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். போர் முடிந்த வருடம் முள்வேலி முகாமில் இருந்தவன் நான். யாராவது உற்றுப் பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இது பார்ப்பதை யாருக்கு அனுப்புகிறது? விரல் காயத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரைக் கழற்றி அதன்மேல் ஒட்டினேன். கார் கத்திக் குழறி, ஓட்டத்தை என்னிடமே திருப்பித் தந்தது.

"உதைக் கழட்டுங்கோ. பாத்தால் பாக்கட்டும்," என்றாள் சுகந்தி.

கழற்றினேன். ஆனாலும் கையை ஸ்ரியறிங்குக்கு ஒரு சாண் தள்ளியே வைத்திருந்தேன். பாரவண்டிகளை அது நெருங்கிய விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. கிங்ஸ்டனுக்குச் சற்று முன்னால் திடீரென்று மணி அடித்து, இருக்கை அதிர்ந்தது. என் கண் மூடியிருந்ததாம். இயந்திரம் பொய் சொல்கிறது என்று சுகந்தியைச் சாட்சிக்குத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை.

கிங்ஸ்டனில் நிறுத்தினேன். "நீ கார்ல நித்திரை கொள்ளுறதே இல்லையே?"

"எப்பிடிக் கொள்ளுறது? வழி முழுக்க உங்கட கண்ணையெல்லோ பாத்துக்கொண்டு வாறனான். இண்டைக்கு அதுக்கு வேற ஆள் இருந்துது."

எனக்கு வெட்கமாகிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: ஊருக்குள் ஓட இந்தக் காருக்குக் காசு கொடுக்காதீர்கள். தூரம் என்றால் எடுங்கள், ஆனால் கண் வீதியிலேயே இருக்கட்டும். படம் எங்கே போகிறது என்று வாடகைக் கடையில் கேளுங்கள். எனக்கு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை, சந்தேகம் தீரவும் இல்லை. திரும்பி வரும்போதும் அதற்கு முகத்தைக் காட்டிக்கொண்டுதான் வந்தேன். சுகந்தி வீடு வரைக்கும் நித்திரை.